மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை

ஜூன் 5, வியாழன்

இன்றிலிருந்து பதினான்கு நாள் நான் ஊமை. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை, தொண்டைக்கு ஓய்வு என்றார். பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது, அது பேசுவதைவிட மோசமாம். செருமக் கூடாது. ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே இழுக்கக் கூடாது. "சிரிக்கலாமா டாக்டர்?" என்று ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டேன். "சத்தம் வராம சிரிங்க" என்றார். நாற்பத்தெட்டு வயதுக்கு நான் சத்தம் வராமல் செய்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது.

குரல்நாணில் ஒரு சதைக் கட்டி, மிளகு அளவு. எடுத்தாயிற்று. புண் ஆறுவதற்குள் கத்தித் தொலைத்தால் தழும்பு விழுந்துவிடும், பிறகு சாகும்வரை கரகரப்புத்தான் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். என் தொழில் என்ன என்று அவருக்குத் தெரியும்.

கத்துவதுதான் என் தொழில். திரையில் முகம் ஒருத்தியுடையது, வசனம் பேசுவது இன்னொருத்தி. கதாநாயகி பேயைப் பார்த்து அலறும் இடமோ, பிணத்தின் மேல் விழுந்து அழும் இடமோ வந்தால், வசனம் பேசியவள் தன் தொண்டைக்குப் பயந்து கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். பிரசவத்துக்கு ஒரு கத்தல், கழுத்தை நெரித்தால் ஒன்று, மாடியிலிருந்து விழுந்தால் ஒன்று. ஸ்டுடியோக்களில் எனக்குக் கத்தல் தில்லை என்று பெயர். தில்லைநாயகி என்றால் யாருக்கும் தெரியாது. படத்தில் பெயர் போடவும் மாட்டார்கள்.

ஆபரேஷன் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சாலிகிராமத்தில் இந்த அடுக்ககத்திலேயே பாதிப் பேர் சினிமா, சீரியல் ஆட்கள். தில்லை தொண்டையில் கத்தி வைத்துவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த படத்துக்கு வேறு பெண் வந்துவிடுவாள். ஸ்டுடியோவுக்கு, சிதம்பரத்தில் கல்யாணம் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கப் போகிறேன்.

சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார் என்றுதான் இந்த நோட்டு. காட்ட யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதனால் எனக்கு நானே எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் கஞ்சி. மாத்திரை. ஆறிய பால். மதியம் துணி மடித்தேன். இரண்டே கால் இருக்கும், மேல் வீட்டில் ஏதோ சத்தம். டிவியாக இருக்கும். பொன்மலர் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பாள்.

ஜூன் 7, சனி

பக்ரீத். எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா தூக்குச்சட்டியில் பிரியாணியோடு கதவைத் தட்டினார். திறக்காமல் எப்படி இருப்பது? திறந்துவிட்டுப் பல்லைக் காட்டினேன்.

"நேத்து மதியம் என்ன தில்லை, அந்தக் கத்து கத்துன? எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தவர் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு உக்காந்துட்டார். புதுப் படமா?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

"குரலே போச்சா? பின்னே, அப்படிக் கத்துனா தொண்டை கட்டாம என்ன பண்ணும். மிளகு தட்டிப் போட்டுப் பால் குடி." சட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். நேற்று நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெரியாதா. பிரியாணியைச் சாப்பிடவும் முடியாது, காரம். ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மேலே சத்தம் இல்லை. நாள் முழுக்க நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதினால்தான் எனக்கே புரியும்.

நான் வீட்டில் பயிற்சி செய்வேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பகலில் நான் கொலைக் கத்தல் கத்த, வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடிவந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சங்கரலிங்கம் சார் ஒரு அறிவிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மாடிப்படி அருகில் பலகையில் ஒட்டினார். 'முதல் மாடி தில்லைநாயகி அவர்கள் டப்பிங் பயிற்சிக்காக மதியம் 2 முதல் 3 வரை சத்தம் போடுவார்கள். ஞாயிறு கிடையாது. குடியிருப்போர் பயப்பட வேண்டாம்.' இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீடுகளுக்கு நடுவே காற்றுக்காக விட்ட பள்ளம் ஒன்று மேலிருந்து கீழ்வரை போகிறது, குளியலறை ஜன்னல்களெல்லாம் அதில்தான் திறக்கும். அதில் விழும் சத்தம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். எந்த வீடு என்று பிரிக்க முடியாது.

எனக்கு நேர் மேலே திவாகரும் பொன்மலரும். குடிவந்து இரண்டு வருஷம். அடுத்த தெருவில் அவனுக்கு செல்போன் கடை. நல்ல பையன் என்று இங்கே பெயர். யாருடைய போன் கெட்டாலும் சும்மாவே பார்த்துக் கொடுப்பான். குடிவந்த அன்று பலகையைப் படித்துவிட்டு, "பரவால்லையே, சத்தத்துக்கும் டைம் டேபிள் வச்சிருக்கீங்க" என்று சிரித்தான். மதியம் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவான்.

இன்று குப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பும்போது படியில் எதிரே வந்தான். ஒதுங்கி வழி விட்டான். எப்போதும் விடுவான்.

"மேடம், இன்னைக்குப் பிராக்டிஸ் உண்டா?"

நான் தலையாட்டினேன், உண்டு என்று. ஏன் ஆட்டினேன்? இல்லை என்றால் ஏன் என்று கேட்பான், கேட்டால் தொண்டை விஷயம் வெளியே போகும். அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

"நல்லாப் பண்ணுங்க மேடம். உங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறே எறங்குது" என்றான்.

இரண்டு இருபதுக்கு மேலே ஆரம்பித்தது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டரைக்கு நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து அவன் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டே படியிறங்கினான்.

நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது.

நடித்துக் கத்துவதற்கும் நிஜமாகக் கத்துவதற்கும் ஒரே வித்தியாசம்தான். நடிப்பவள் முதலில் மூச்சை உள்ளே இழுப்பாள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இழுப்பாள், நானும் இழுப்பேன். அடி விழுந்தவளுக்கு மூச்சிழுக்க நேரம் இருக்காது. இருக்கிற மூச்சில் கத்துவாள், அது பாதியில் உடையும், உடைந்த இடத்தில் ஒரு விக்கல் வரும். மேலே கேட்பதில் விக்கல் இருக்கிறது. இன்று "அம்மா" என்று ஆரம்பித்து, 'ம்' வரைக்கும்கூட வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், இருபத்தாறு வருஷத் தொழில், தெரியாதா.

மாலையில் சவுண்ட் இன்ஜினியர் பாஸ்கல் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? நம்ம படத்துக்கு டிரைலர் வந்துருச்சு. எல்லாரும் அந்தக் கத்தலைப் பத்தித்தான் கேக்குறாங்க. டைரக்டர் இந்தத் தடவை உங்க பேரு போடணும்னு சொல்லிட்டார். நெசமாச் சொல்லுங்க, அதை எங்க இருந்து புடிச்சீங்க?"

பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 11, புதன்

செயலாளரிடம் போனேன். சங்கரலிங்கம் சார் தரைத்தளம், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரவெல்லாம் யோசித்துத்தான் போனேன். சொன்னால் என் விஷயம் வெளியே வரும், வேலை போகலாம். சொல்லாவிட்டால் மேலே இருப்பவள் உயிரே போய்விடும். இதை எடைபோட எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று என்பதே அசிங்கம்தான்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'மதியம் கேட்பது நான் இல்லை. மேல் வீடு. அடிக்கிறான்.'

படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன மேடம், நீங்க பண்ற பிராக்டிஸ்தானே. நேத்துகூட எம் பொண்டாட்டி சொன்னா, தில்லை இப்பல்லாம் நெசமாவே யாரோ அடிக்கிற மாதிரி பண்றாங்கன்னு."

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தேன். ஆபரேஷன் தேதி, பதினெட்டு வரை பேசக் கூடாது என்பது, டாக்டரின் கையெழுத்து. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப அது..." என்று மேலே பார்த்தார். "அந்தப் புள்ளையா?"

தலையாட்டினேன்.

"நான் பேசுறேன் மேடம். தன்மையாச் சொல்லிப் பாக்குறேன். புருஷன் பொண்டாட்டி விஷயம், எடுத்தவுடனே போலீஸு அது இதுன்னு போக முடியாது பாருங்க."

'என் பெயரைச் சொல்லாதீர்கள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"சே சே, சொல்வனா" என்றார்.

இரவு எட்டு மணிக்கு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் செய்தி: 'நமது தில்லைநாயகி மேடம் அவர்களுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்துள்ளது. 18ஆம் தேதி வரை அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, சத்தம் போடக் கூடாது. யாரும் பெல் அடித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம். விரைவில் குணமடையப் பிரார்த்திப்போம்.' கும்பிடு கை மூன்று.

அந்த மனுஷன் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அவரைத் திட்ட எனக்கு வாயும் இல்லை. கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். பதினோராவது கை திவாகருடையது.

ஜூன் 12, வியாழன்

இரண்டு மணி. இரண்டு இருபது. மூன்று. சத்தமே இல்லை.

மாலை ஆறு மணிக்கு பெல் அடித்தது. திவாகர், ஆப்பிள் பையோடு. பையை நீட்டிக்கொண்டே, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான்.

"சொல்லியிருக்கலாமே மேடம். அன்னைக்குப் படியில கேட்டனே, உண்டுன்னு தலையாட்டுனீங்களே. நான் அதை நம்பிட்டேன்."

பையை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க பயமாக இருந்தது.

"பேசவே முடியாதாமே. கத்தக்கூட முடியாதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாவம்" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான், யார் பக்கத்தில் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "கதவைத் தாழ் போட்டுக்கோங்க மேடம். தனியா வேற இருக்கீங்க."

தாழ் போட்டேன். மேல் தாழும் போட்டேன். சாப்பாட்டு மேசையை இழுத்து வைக்கலாமா என்று பார்த்தேன், அதுவும் சத்தம் போடும்.

ஜூன் 13, வெள்ளி

சத்தம் இல்லை. மேலே அவன் நடக்கிறான், கனமான நடை. அவள் நடை இல்லை. அவள் குதிகால் தரையில் படாமல் நடப்பாள், இருந்தாலும் எனக்குக் கேட்கும். மொட்டை மாடிக் கொடியில் அவள் துணி இல்லை.

பெண்கள் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண், "சொல்லுங்கம்மா, யாரு பேசுறீங்க, சொல்லுங்கம்மா" என்றாள். நான் போனைத் தட்டினேன். விரலால் மூன்று தடவை. அவளுக்கு என்ன புரியும்? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

மும்தாஜ் அக்காவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கிவிட்டது. இரண்டு நிமிஷத்தில் திரும்பினார்.

"ஊருக்குப் போயிருக்காளாம் தில்லை. அவங்கம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையாம். அவரே பஸ் ஏத்திவிட்டாராம். சண்டை சச்சரவு இருந்துது, ஒத்துக்கிட்டார். மனசு சங்கடமாப் பேசுனார், பாவம். இனிமே சரியாயிடும், விடு."

சங்கரலிங்கம் சாருக்கும் அதே பதில்தான் கிடைத்ததாம். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாக இருந்துவிடலாமே என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

அவள் ஊருக்குப் போகவில்லை. அவன் கடைக்குப் போன பிறகு மேலே குழாய் ஓடியது. ரொம்ப மெதுவாக, வாளியில் விழாமல் சுவரில் வழிகிற மாதிரி. பிறகு நின்றது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்தச் சத்தத்தை நான் ஜூன் ஆறாம் தேதி முதல் தடவையாகக் கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் கேட்டேன். அன்று நான் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தேன், ஆரம்பிக்கவில்லை. மறுநாள் பாஸ்கலின் படத்துக்குக் கத்த வேண்டும், எப்படிக் கத்தியும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை, 'நடிக்கிற மாதிரி இருக்கு' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கவலையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மேலிருந்து வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது.

மறுநாள் ஸ்டுடியோவில் மூச்சிழுக்காமல் ஆரம்பித்து, பாதியில் உடைத்து, விக்கலோடு முடித்தேன். பாஸ்கல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு, "போதும்க்கா, இன்னொண்ணு வேண்டாம்" என்றான். நான் வரும் வழியில் எனக்கே எனக்கு ஒரு பால்கோவா வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் மேலே கேட்டபோதெல்லாம் என் பயிற்சியை ஆரம்பித்துவிடுவேன். என் கத்தலில் அது அமுங்கிவிடும். அவன் என் நேரத்தை எடுத்துக்கொண்டான், சரி. எடுத்துக்கொள்ள நானும் விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூங்கவில்லை. பேனா ஓடவில்லை. மூன்று நாள்தான் இருக்கிறது, பதினெட்டுக்கு.

ஜூன் 16, திங்கள்

ஒன்று ஐம்பது. குளியலறைப் பக்கம் மூச்சு கேட்கிறது. மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு, நடுநடுவே அடைக்கிறது. வாயில் துணி அடைத்தால் இப்படித்தான் வரும். எத்தனை படத்துக்கு நான் இதைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு மணி. அவன் வண்டிச் சத்தம். படியேறுகிறான்.

மேலே போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவன் கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் நான் ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் கால் பின்னால் இழுத்தது. பெல் அடித்தேன். ஒரு சாண் அளவுக்குக் கதவைத் திறந்தான். சட்டைப் பொத்தான் பாதி கழன்றிருந்தது.

"என்ன மேடம்?"

நோட்டைக் காட்டினேன். 'பொன்மலரைப் பார்க்க வேண்டும்.'

"அவதான் ஊர்ல இல்லையே. மும்தாஜ் அக்கா சொல்லலையா?" குரல் உயரவில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம். இந்த நேரத்துல படியெல்லாம் ஏறக் கூடாது. வழுக்கி விழுந்தா, கூப்பிடக்கூட உங்களால முடியாது."

அதைச் சொல்லும்போது என் கழுத்தைப் பார்த்தான். திரும்பிவிடலாம் என்று ஒரு படி கீழே காலும் வைத்துவிட்டேன். அப்போது உள்ளே, அவன் முதுகுக்குப் பின்னால், அந்த மூச்சு வந்தது. என் குரல் கேட்காவிட்டாலும் அவன் 'மேடம்' என்றது அவளுக்குக் கேட்டிருக்கும். மூச்சு வேகமாயிற்று.

இரண்டு நாள் பொறுத்திருந்தால் என் தொண்டை பிழைக்கும் என்று அங்கே நின்றுகூட நினைத்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, நினைத்தேன்.

பிறகு கத்தினேன்.

மூச்சிழுக்கவில்லை. எந்தப் படமும் ஞாபகத்தில் இல்லை. தொண்டைக்குள் ஏதோ பிய்ந்தது நன்றாகத் தெரிந்தது, சூடாக உப்புக் கரித்தது. மறுபடி கத்தினேன். அவன் பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு மூன்றாவது தடவை கத்தினேன்.

எல்லாக் கதவும் திறந்தது. மூன்று வருஷமாக நான் கத்தி ஒரு கதவு திறந்ததில்லை. நேற்று திறந்தது, ஏனென்றால் பதினெட்டு வரை தில்லை சத்தம் போட மாட்டாள் என்று சங்கரலிங்கம் சார் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். சோற்றுக் கையோடு அவரே முதலில் ஏறிவந்தார். பின்னால் மும்தாஜ் அக்கா, அவர் வீட்டுக்காரர், வாட்ச்மேன்.

"இந்தம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு சார், சும்மா வந்து நின்னு கத்துறாங்க" என்றான் திவாகர்.

"சும்மாவா கத்துவா? அவளுக்கு அது உசுரு போற விஷயம்டா" என்றார் மும்தாஜ் அக்கா. "தள்ளு" என்று அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு அவர் கத்திய கத்தல்தான் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பொன்மலர் குளியலறையில் இருந்தாள். வாயில் துப்பட்டா, வலது கை குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பியிருந்தது. வியாழக்கிழமையிலிருந்து அங்கேதான், அவன் கடைக்குப் போகும்போது வெளித்தாழ் போட்டுவிட்டுப் போவானாம். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். திவாகரை வாட்ச்மேனும் மும்தாஜ் அக்கா வீட்டுக்காரரும் படியிலேயே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கடைசிவரை, "தப்பா எடுத்துக்காதீங்க சார், பேசித் தீர்த்துக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்று காலை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "திரும்ப மொத நாள்ல இருந்து ஆரம்பிக்கணும்மா. பேசுறதுக்குக் குரல் வரும். கத்துற குரல் வருமான்னு எனக்குத் தெரியல" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். அது எப்படி என்று இப்போது பழகிவிட்டது.

ஜூன் 18, புதன்

பாஸ்கலுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். தொண்டை, ஆபரேஷன், எல்லாம். படத்தில் என் பெயர் வேண்டாம் என்றும் எழுதினேன். ஏன் என்று கேட்டிருக்கிறான்.

ஜூன் 19, வியாழன்

அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பொன்மலருக்குக் கையில் மாவுக்கட்டு, முகத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. நான் போன நேரத்தில் பெண் எஸ்.ஐ. ஒருத்தி வாக்குமூலம் வாங்க வந்திருந்தாள். பேச முடியாது என்று சைகை காட்டியதும், "எழுதியே கொடுங்கம்மா, அது இன்னும் நல்லது" என்று தாளும் அட்டையும் தந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொத மொத எப்பக் கேட்டீங்க, அந்தத் தேதியில இருந்து எழுதுங்க."

ஜூன் 6 என்று எழுதினேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பெண் எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "உங்கள மாதிரி ஒருத்தர் அக்கம்பக்கத்துல இருந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா" என்றாள். எனக்குக் காது சுட்டது. அதை அடித்துவிட்டு மார்ச் 11 என்று எழுதினேன். கேட்டும் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதினேன். அந்தச் சத்தத்தை ஒரு படத்துக்குக் கொடுத்தேன் என்றும் எழுதினேன். எஸ்.ஐ. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதற்குப் பிறகு என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

"நான் பாக்கலாமா?" என்று கேட்டாள் பொன்மலர். அட்டையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். வரி வரியாகப் படித்தாள். உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"மார்ச்சுல அன்னைக்கு எனக்கும் ஞாபகம் இருக்குக்கா. கீழ உங்க குளியலறை ஜன்னலைத் தெறந்தீங்க. அந்தத் துருப்பிடிச்ச கொக்கி எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரோ கேட்டுட்டாங்க, இப்ப வந்துருவாங்கன்னு நெனச்சேன். அதனாலதான் இன்னும் சத்தமாக் கத்துனேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அட்டையைத் திரும்ப மடிக்கு இழுத்துக்கொண்டேன். எஸ்.ஐ. "முடிஞ்சுதா?" என்று கையை நீட்டினாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'அன்று நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக நான் ஜன்னலைத் திறந்தேன்.' அதன் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.